ஓரம் சரியாத மெத்தை

நாலு பேர் பார்க்க நீட்டி நிமிர்ந்து படுப்பது செத்துப்போனவர்களுக்கு மட்டுமே உரிய காரியம் என்று நம்புகிற ஊர் அது. கிழக்கேயும் ரப்பர் தோட்டம், மேற்கேயும் ரப்பர் தோட்டம், நடுவில் ஒரு முக்கு, முக்கில் ஓர் ஆலயம், ஒரு பள்ளிவாசல், ஒரு பகவதி கோயில், மூன்றுக்கும் எதிரே ஜெபசிங்கின் ‘சுகநித்திரை’ மெத்தைக் கடை. கல்யாணம் என்றால் பெண் வீட்டார் கட்டிலும் மெத்தையும் அலமாரியும் வண்டியில் ஏற்றி ஊர் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் மெத்தை பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அம்மா, சித்தி, அத்தை, அத்தையின் ஓர்ப்படி என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்குவார்கள். இறங்கியவர்களில் ஒருத்தியும் படுத்துப் பார்க்க மாட்டாள். கைமுட்டியால் ஓங்கி ஒரு குத்து, குத்திய இடம் எழும்பி வருகிறதா என்று ஒரு பார்வை, பிறகு குனிந்து ஒரு மோப்பம், அவ்வளவுதான் பரிசோதனை.

அந்த மோப்பம்தான் ஜெபசிங்கின் தலைவலி. ரப்பர் ஷீட் காய்கிற வாடையிலேயே பிறந்து வளர்ந்த மூக்குகள் அவை. ரப்பர் பாலில் செய்த நல்ல லேடெக்ஸ் மெத்தை லேசாகப் பால் மணக்கும், பிரித்துக் காற்றாட வைத்தால் சில நாளில் அந்த மணமும் போய்விடும். இவர்களோ மூக்கை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, நாறாத மெத்தையில் பால் ஏது, எங்களுக்கா ரப்பர் தெரியாது என்று உதட்டைப் பிதுக்குவார்கள். உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே உள்ள ஊசித்துளைகளைக் காட்டி, இது முழு லேடெக்ஸ், அது கலப்பு, இது கையில் தூக்கினாலே கனம் தெரியும், அது இரண்டு வருஷத்தில் பள்ளம் விழும் என்று அவர் தொண்டை வற்றச் சொல்வார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மருந்து வாடை குப்பென்று அடிக்கிற கலப்பு மெத்தையைத்தான் வண்டியில் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றிப்போய்ப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே காலமெல்லாம் அதன்மேல் சறசறவென்று படுப்பார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தால் கார்த்திகைக்குள் இடுப்பு வலி, கழுத்து வலி, பெண் வீட்டார் கொடுத்த மெத்தையைப் பாருங்கள் என்ற பேச்சு, அதைத் தொடர்ந்து சண்டை.

யாராவது படுத்துப் பார்த்தால்தான் விமோசனம் என்று முதலில் ஜெபசிங்கே படுத்துக் காட்டினார். அன்னிய ஆண் உருண்டு எழும்பிய மெத்தையில் எங்கள் பிள்ளை படுப்பதா என்று ஒரு வேன் பெண்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். அதன் பிறகுதான் அவர் ஸ்டெல்லாபாயைப் படுக்கச் சொன்னார்.

ஸ்டெல்லாபாய் அந்தக் கடையில் மெத்தை உறைகளைத் துடைத்து அடுக்குகிறவள். நாற்பத்தைந்தைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை; ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அம்மா காலமான பிறகு ஆலயத்துக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில், சிமென்ட் தரையில் பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டுக் கடைக்கு வருவாள். அவள் கழுத்துவரை ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடை நடுவே படுத்தபோது ஊருக்கு அது தப்பாகப் படவில்லை. மானம் போவதற்கும் ஒரு குடும்பம் வேண்டும் அல்லவா. களியக்காவிளையில் அண்ணன் எட்வின் இருந்தான்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷத்து ஆடி மழையில் ஒரு தாய் மெத்தை பார்க்க வந்தாள். மாப்பிள்ளை குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஆள் தாட்டியம், இந்த மெத்தை தாங்குமா என்பது அவள் கவலை. கூட வந்த கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் எடை, உயரம் எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தார். ஸ்டெல்லாபாய் படுத்திருந்தாள், மெத்தை அசையவில்லை. அதுவரைக்கும் அவள் படுத்தால் மெத்தை எவ்வளவு அமிழ்கிறது என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை என்பதால் அதுவும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அப்போது மாப்பிள்ளையைத் தூக்கி வளர்த்த அத்தைக்காரி முன்னால் வந்து, அவன் சுவர்ப்பக்கம் திரும்பி ஒருக்களித்து ஒரு காலை மடக்கி வைத்துத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உறங்குவான் என்று சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல, மல்லாந்து படுத்திருந்த ஸ்டெல்லாபாயின் அடியில் மெத்தை தோளுக்குத் தோளாக, இடுப்புக்கு இடுப்பாக, மடக்கிய முழங்காலுக்கு முழங்காலாக ஒரு தடியனின் கனத்துக்குக் கீழே இறங்கியது. அத்தைக்காரி பள்ளத்தில் கையை விட்டு அளந்து, எங்கள் பயல்தான் என்றாள். தாய் மட்டும் இடுப்பு ரொம்ப இறங்குகிறது என்று முகம் சுளித்து, இதைவிடக் கெட்டியானது காட்டச் சொன்னாள். மூன்றாவது மெத்தை சரியாக இருந்தது, பேரம் முடிந்தது, மழை விடும்வரை எல்லாரும் சாயா குடித்தார்கள்.

ஊர் இதை ஏற்றுக்கொண்டது என்று சொல்வதுகூடத் தப்பு. ஏற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? தராசு இருக்கிற ஊரில் எடை போட்டுப் பார்ப்பதுபோல, ஸ்டெல்லாபாய் இருக்கிற ஊரில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சட்டதிட்டம் தானாக உண்டாயிற்று. போட்டோ காட்டினால் பலிக்காது, ஜாதகம் காட்டினால் பலிக்காது. உறங்குகிறவனை உறக்கத்தில் பார்த்தவர் வாயால் சொன்னால் மட்டுமே மெத்தை இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் அவள் படுக்கக்கூடாது என்று ஆலயத்தில் அறிவிப்பு வாசித்தார்கள். பள்ளிவாசல் கமிட்டி வெள்ளிக்கிழமைகளில் பெண்களுக்கு மட்டும் ஒரு நேரம் ஒதுக்கித் திரை போடச் சொன்னது, திரைத்துணியையும் அதுவே வாங்கித் தந்தது. பகவதி கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவளுக்கு லீவு விடுவதா வேண்டாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். ஆட்டோக்காரர்கள் அந்த முக்கையே ‘படுப்புக்கடை முக்கு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், எதிரில் இருந்த சாயாக்கடைக்காரர் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார், ஜெபசிங் டோக்கன் கொடுத்தார்.

டோக்கன் வாங்கியவர்களில் மெத்தை வாங்க வராதவர்கள் பெருகிப்போனார்கள். பாதி வீடுகளில் ஆண்பிள்ளைகள் கடலுக்கு அப்பால் இருக்கிற தாலுகா அது. மகன் கப்பலில் இருக்கிறான், ஒரு தடவை படுத்துக் காட்டு என்பார்கள். அவன் உறங்குகிற விதத்தைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பள்ளத்தின் விளிம்பில் கை வைத்து, அவன் சின்னப் பிராயத்தில் செய்த குறும்பெல்லாம் வாய்க்குள்ளேயே பேசி முடித்து, கண்ணைத் துடைத்து எழும்பிப் போவார்கள். மனைவியைப் புதைத்தவன் வந்தான், புருஷனைச் சிதையில் வைத்தவள் வந்தாள். ஒருநாள் ஒரே ஆணுக்கு இரண்டு பெண்டாட்டிகள் வந்தார்கள், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல். மூத்தவள் அவர் மல்லாந்து கைகால் பரத்திக் கட்டில் முழுக்கப் படுப்பார் என்றாள், மெத்தை அப்படியே இறங்கியது. அடுத்த டோக்கன்காரி, அதே பெயரைச் சொல்லி, அவர் ஒரு மூலையில் சுருண்டு முகத்தை மூடிப் படுப்பார் என்றாள், அப்படியும் இறங்கியது. பெஞ்சிலிருந்த மூத்தவள் இதைக் கேட்டு எழும்பி வந்தாள். சண்டை வரப்போகிறது என்று கூட்டம் ஒதுங்கி நின்றபோது இருவரும் சண்டை போடவில்லை. அந்தச் சின்னப் பள்ளத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள், என்னிடத்தில் அவர் இப்படி உறங்கியதே இல்லையே என்று மூத்தவள் மட்டும் மெல்லச் சொன்னாள்.

இத்தனை பேர் பார்த்த பள்ளத்தை ஒரு தடவைகூடப் பார்க்காதவள் ஸ்டெல்லாபாய் ஒருத்திதான். பள்ளத்துக்குள் கிடக்கிறவள் எப்படிப் பார்க்க முடியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மேலே சுற்றுகிற மின்விசிறி, அதன் மூன்று இறக்கைகளில் ஒன்றில் ஒட்டியிருந்த ஒட்டடை, பக்கவாட்டில் குனிகிற முகங்கள். அந்த முகங்கள் அவளுடைய தோளுக்குக் கீழே, இடுப்புக்குக் கீழே, மெத்தையைப் பார்த்து அழுதன, சிரித்தன, கோபித்தன. அவள் முகத்துக்கு ஒருவரும் வரவில்லை. மெத்தை அத்தனை ஆழம் இறங்கியும் அவள் முதுகுக்கு மட்டும் அது எப்போதும் பலகையாகத்தான் இருந்தது. முதலில் அதை அவள் பெரிதாக எண்ணவில்லை. சாயங்காலம் போர்வையை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தால், காலையிலிருந்து அவளில் தங்கள் ஆட்களைப் பார்த்தவர்கள் பஸ் நிறுத்தத்தில் அவளைத் தெரியாதவர்கள்போல நிற்பார்கள். அது வலித்தது. யாரிடம் சொல்ல?

முதுகு வலி தொடங்கியது அந்த நாட்களில்தான். காலையில் பாயிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது, பிறகு குனிந்து போர்வை எடுக்க முடியாமல் போனது, ஒருநாள் செத்துப்போன தன் ஆளைப் பார்க்க வந்த ஒருவர் படுக்கச் சொல்லிப் படுத்தவளை இரண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டிவந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு விலகியிருக்கிறது, இனி தரையில் படுத்தால் ஒரேயடியாகப் படுத்துவிடுவீர்கள், நல்ல லேடெக்ஸ் மெத்தையாக ஒன்று வாங்குங்கள் என்றார். எல்லாருக்கும் ஒரே மெத்தை ஆகாது என்றும் சொன்னார். மல்லாந்து உறங்குகிறவருக்குக் கெட்டியாக, ஒருக்களித்து உறங்குகிறவருக்குத் தோள் இறங்குகிற அளவுக்கு மெதுவாக, குப்புற உறங்குகிறவருக்கு வயிறு தொய்யாதபடி இருக்க வேண்டும். “நீங்க எப்படித் தூங்குவீங்க?” என்று அவர் கேட்டார். ஊரில் யார் யார் எப்படி உறங்குவார்கள் என்று அத்தனையும் அறிந்த ஸ்டெல்லாபாய்க்குத் தான் எப்படி உறங்குவாள் என்பது மட்டும் தெரியவில்லை.

ஜெபசிங் நல்ல மனுஷர். கடையில் உள்ளதில் எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டார். கூட்டம் போன பிறகு அவள் ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்தாள். கெட்டியானது பலகையாக இருந்தது. நடுத்தரமும் பலகையாக இருந்தது. ஜெபசிங் உட்கார்ந்தாலே உள்ளே போய்விடுகிற, இளஞ்சிசு படுத்தாலும் குழி விழுகிற மெத்தை ஒன்று ஓரத்தில் உண்டு. அதுவும் பலகையாகவே இருந்தது. ஜெபசிங் கண்ணை மெத்தையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தார். அவள் உடம்பு மெத்தைமேல் வைத்த வாழைத்தண்டுபோலக் கிடந்தது, அடியில் ஒரு நூல் அளவுகூட இறக்கம் இல்லை. பக்கத்தில் அவர் விரலால் அமுக்கினார், விரல் உள்ளே போயிற்று. அடுத்த வாரம் வேறு சரக்கு வருகிறது, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் கணக்குப் பார்க்கப் போனார். ஸ்டெல்லாபாய் நேரே மருந்துக்கடைக்குப் போய் எடை மிஷினில் ஏறி நின்றாள். முள் நகர்ந்தது, எல்லாருக்கும் நகர்வதுபோலவே. ஆகவே அவள் இருக்கிறாள்; மெத்தைக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தான் உறங்குவதைப் பார்த்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும். பார்த்தவள் அம்மா, அவள் கல்லறையில் இருந்தாள். அண்ணன் எட்வின் பார்த்திருப்பான், சிறுவயதில் மூன்று பிள்ளைகளும் ஒரே அறையில்தான் படுத்தார்கள். அடுத்த ஞாயிறு ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு களியக்காவிளைக்குப் போனாள். அண்ணன் டயர் கடையில் இருந்தான், பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அவளைக் கூப்பிட மறந்துபோனதைச் சொல்லிச் சிரித்தான், மறுநாள் கடைக்கு வருகிறேன் என்றான், வந்தும் நின்றான். அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குப்புறப் படுத்து முழங்காலை வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு, புட்டத்தைத் தூக்கி, வலதுகை விரலைச் சூப்பிக்கொண்டு, இடதுகையால் தன் காதையே பிடித்துக்கொண்டு உறங்குவாள் என்று அவன் சொல்லச் சொல்ல அவன் குரல் குழைந்தது, மெத்தை இறங்கியது.

இறங்கியது என்பதை ஸ்டெல்லாபாய் ஜெபசிங்கின் முகத்தில் பார்த்தாள், ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு ஜெபசிங்கின் முகம் மாறியது. மெத்தையின் நடுவில், ஸ்டெல்லாபாயின் வயிற்றுக்கு அடியில், ஒரு சின்னக் குழிதான் விழுந்திருந்தது. நாலு வயசுக்கு மேல் இராத ஒரு பிள்ளை முடங்கிப் படுத்த அளவு. அவளுடைய தோளும் காலும் குழிக்கு வெளியே பலகையில் கிடந்தன. எட்வின் முழங்கால் போட்டு உட்கார்ந்து குழிக்குள் உள்ளங்கையை வைத்தான். அது பியூலா. ஸ்டெல்லாவுக்கு இளையவள், சின்ன வயசிலேயே குளத்தில் மூழ்கிப் போனவள். தங்கை உறங்குகிற விதம் என்றதும் அவன் மனசில் வந்தவள் அவள்தான், அவள் மட்டும்தான். அவன் வெகுநேரம் அழுதான், தங்கச்சி தங்கச்சி என்றே அழுதான், அழுகிற அவனை மேலேயிருந்து பார்த்துக்கொண்டு இன்னொரு தங்கச்சி அசையாமல் கிடந்தாள். அசைந்தால் குழி கலைந்துவிடுமோ என்று பயந்தாள். போகும்போது எட்வின் அவள் கையைப் பிடித்து, எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தேன், நீ புண்ணியவதி என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வலி காலுக்கு இறங்கியது. இப்படியே போனால் மழைக்காலத்துக்குள் அவள் நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, திரை விலக்கி, பெஞ்சுகள் நிறைந்து, டோக்கன்கள் கொடுத்து முடிந்த நேரத்தில் ஸ்டெல்லாபாய் படுக்காமல் மெத்தைப் பக்கத்தில் நின்றாள். கூட்டத்தைப் பார்த்து, வாழ்நாளில் முதல் தடவையாக, உரக்கப் பேசினாள்.

“இண்ணைக்கு நான் ஆருக்காவும் படுக்கல்ல. ஒரு மணிக்கூறு ஆராவது இருந்து நான் ஒறங்கதப் பாக்கணும். பாத்துட்டு, எப்படிக் கெடந்தேன்னு செல்லணும். அவ்வளவுதான்.”

யாரும் சிரிக்கவில்லை, யாரும் கோபிக்கவும் இல்லை. நியாயமான காரியம் என்றுதான் எல்லாருக்கும் பட்டது. ஆனால் ஒருத்திக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம், ஒருத்திக்குப் பால் கறக்க வேண்டும், ஒருவருக்கு வங்கி பூட்டிவிடும், ஒருவர் தன்னுடைய டோக்கன் நாளைக்குச் செல்லுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கப்பல்காரனின் தாய், வாரம் தவறாமல் வருகிறவள், ஸ்டெல்லாபாயின் கன்னத்தைத் தடவி, “ஒனக்குண்ணு ஆரும் இல்லியா மக்களே?” என்று மனசார வருந்திவிட்டு, மகன் போன் பண்ணுகிற நேரம் என்று போனாள். பெஞ்சுகள் காலியாயின. கடைசி பெஞ்சின் கோடியில் ஒருத்தி மட்டும் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லாபாய் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

பெயர் சரோஜம் என்றாள். கோதையாறு மலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவள். போன மழைக்காலத்தில் புருஷன் இறந்துவிட்டான், அவனைப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

“மலைக்குப் போற பஸ் அஞ்சரைக்குத்தான்,” என்றாள் சரோஜம். “அதுவரைக்கும் சும்மா இருக்கதுதானே. நீங்க ஒறங்குங்க.”

ஸ்டெல்லாபாய் நடுவிலிருந்த பெரிய மெத்தையில் படுத்துக் கண்ணை மூடினாள். உறக்கம் வரவில்லை. அந்தக் கடையில் ஊராருக்காக எத்தனையோ பேராகக் கிடந்திருக்கிறாள், ஒருநாளும் உறங்கியதில்லை. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி உறங்குவது என்று உடம்புக்கே தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது சரோஜம் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுத் தெருவைப் பார்க்க உட்கார்ந்திருந்தாள். உறங்கினால் பிறகு திரும்பிப் பார்க்கிறேன், இப்போது பார்க்கவில்லை என்றாள்.

“நீங்க இடையில எழும்பிப் போயிர மாட்டியளே?”

“எங்க போவ? பஸ் இல்லல்லா.”

அந்தப் பதிலில் இருந்த எதுவோ ஸ்டெல்லாபாயை உறங்க வைத்தது. ஜெபசிங் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே வர எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் வாயில் விரல் வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினார். ஒரு மணி நேரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. வெளியே மழை பெய்து தூறலாக அடங்கியது. அஞ்சரைப் பஸ் வந்து முக்கில் நின்று, கண்டக்டர் கோதையாறு கோதையாறு என்று கூவி, இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. சரோஜம் எழும்பவில்லை. எழும்ப முடியாத நிலையில் இருந்தாள் என்று சொல்வதே சரி, ஏனென்றால் மெத்தைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அவளுடைய இரண்டு முழங்காலும் மெத்தையின் விளிம்புக்கு முட்டுக் கொடுத்திருந்தன.

ஸ்டெல்லாபாய் விழித்தபோது கடையில் விளக்கு எரிந்தது. பஸ் போன விஷயத்தை ஜெபசிங் சொன்னதும் பதறி எழும்பப் பார்த்தாள். ஏழு மணிக்குப் பேச்சிப்பாறை வரை ஒன்று உண்டு, அதற்குமேல் நடந்து பழக்கம்தான் என்று சொல்லி சரோஜம் அவளைப் படுக்கவைத்தாள். பிறகு சொன்னாள். ரொம்ப யோசித்து, ஒன்றும் கூட்டாமல், பார்த்ததை மட்டும் சொன்னாள்.

“எடது பக்கம் ஒருச்சாஞ்சு படுக்கிய. ரெண்டு கையும் சேத்து முட்டுக்கு எடையில வச்சிருக்கிய. பல்லு கடிக்கிய, சத்தம் கேக்கும். ஒருக்கா சிரிச்சிய. பொறவு...” சரோஜம் நிறுத்தினாள். “மெத்த இவ்வளவு அகலத்துக்குக் கெடக்கு. நீங்க நடுவுலதான் படுத்திய. ஒறங்குனதும் நவுந்து நவுந்து இந்த ஓரத்துக்கு வந்துட்டிய. நான் முட்டு குடுக்கல்லண்ணா கீழ விழுந்திருப்பிய. ஆருக்கோ எடம் விட்டுக் கெடக்கது போலயாக்கும் எனக்குத் தோணிச்சு.”

ஸ்டெல்லாபாய் இடது பக்கம் திரும்பி, கைகளைச் சேர்த்து முழங்கால்களுக்கு இடையில் வைத்து, ஓரத்துக்கு நகர்ந்து படுத்தாள். மெத்தை இறங்கியது. அவள் தோள் முதன்முதலாக ஒன்றுக்குள் புதைந்தது, இடுப்புக்கு அடியில் இத்தனை நாள் இருந்த பலகை விலகியது, தன் கனம் எவ்வளவு என்று தன் உடம்பிலேயே அறிந்தாள். அறிந்த அதே நொடியில் அந்த மெத்தையின் ஓரம் அவள் கனம் தாங்காமல் சரிந்து, போர்வையோடு அவளைத் தரையில் தள்ளியது. ஜெபசிங்கும் சரோஜமும் ஓடி வந்து தூக்கினார்கள். அவள் சிரித்தாள், வலியில் முகம் கோணினாள், அப்படியே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை காலம் அந்த மெத்தைகளில் எத்தனையோ பேர் அழுததைக் கேட்டவள், தனக்காக அழுதது அன்றுதான்.

அழுகை ஓய்ந்ததும் ஜெபசிங் வியாபாரியானார். மெதுவானது வேண்டாம், ரொம்பக் கெட்டியும் வேண்டாம், தோளுக்கு இறங்கிக் கொடுத்து இடுப்பைத் தாங்குகிற நடுத்தரம் போதும், ஆனால் சுற்றிலும் ஓரத்துக்கு அடர்த்தியான பட்டை வைத்துச் செய்த ஒன்று வேண்டும் என்று உள் அறையிலிருந்து இரண்டு பேரை வைத்துச் சுமந்து கொண்டுவந்து போட்டார். ஸ்டெல்லாபாய் அதை ஒரு குத்துக் குத்தினாள். ஜிப்பைத் திறக்கச் சொல்லித் துளைகளைப் பார்த்தாள், முழு லேடெக்ஸ்தானா என்று கேட்டாள், பத்து வருஷமாக வாங்க வந்தவர்களைப் பார்த்துப் பழகிய தோரணையில் குனிந்து மோந்தும் பார்த்தாள். பிறகு ஓரத்தில் படுத்தாள். தோள் போயிற்று, இடுப்பு நின்றது, ஓரம் அசையவில்லை. ஜெபசிங் குனிந்து பார்த்து, முதுகு நேர்கோடாக இருக்கிறது என்றார்.

“இதே சரக்குல சிங்கிள் இருக்கு,” என்றார் அவர். “ஒங்க அறைக்குள்ள இது கொள்ளாது. ஒத்த ஆளுக்கு எதுக்கு டபுள்?”

“சிங்கிள்ல நடுவுலதான் படுக்கணும்,” என்றாள் ஸ்டெல்லாபாய். “எனக்கு நடுவுல ஒறக்கம் வராதுல்லா.”

ஜெபசிங் டபுளுக்கே பில் எழுதினார். ஏழு மணிப் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஸ்டெல்லாபாய் சரோஜத்தின் கையைப் பிடித்து, அவர் எப்படி உறங்குவார் சொல்லுங்கள், ஒரு நிமிஷம் படுக்கிறேன் என்றாள். சரோஜம் கொஞ்சம் தயங்கினாள், ஸ்டெல்லாபாயின் முகத்தைப் பார்த்தாள், இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு நீங்கள் நீங்களாகவே கிடங்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு மழைத்தூறலில் இறங்கிப் போனாள். அவள் பிறகு வரவே இல்லை. மலை பஸ் வருகிற நேரங்களில் ஸ்டெல்லாபாய் படுத்தபடியே தலையைத் தூக்கிக் கடை வாசலைப் பார்ப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவர்கள் குழி அசைகிறது என்று குறைப்படுவார்கள்.

மெத்தை அந்தச் சனிக்கிழமையே வந்து இறங்கியது. ஒற்றை அறையில் அதைப் போட்ட பிறகு கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது, அடுப்புக்குப் போக மெத்தைமேல் ஏறித்தான் இறங்க வேண்டும். ஊர் வழக்கத்துக்கு மாறாக அவள் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறிந்தாள். மறுநாள் ஆராதனை முடிந்து வந்து, கஞ்சி குடித்து, கதவைச் சாத்திவிட்டுப் பட்டப்பகலில் படுத்தாள். சொல்வதற்கு அங்கே யாரும் இருக்கவில்லை, இருந்தும் மெத்தை தானாகவே இறங்கிக் கொடுத்தது. ஒருத்தி பார்த்துச் சொன்னது ஆயுசுக்கும் போதும்போல. முதுகு மெல்ல மெல்ல வலியை விட்டது. பின்னால் மீதி மெத்தை முழுவதும் ஒரு சுருக்கமும் விழாமல் மட்டமாகக் கிடந்தது. அவள் கையைப் பின்னால் நீட்டி, எட்டுகிற மட்டும் தடவிப் பார்த்தாள். யாரும் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் நடுவுக்கு வரவில்லை; இன்னும் ஒரு சாண் ஓரத்துக்குத் தள்ளிப் படுத்தாள், மெத்தை சரியாமல் தாங்கியது.